பெரிய வியாழன் திறக்கும் பட்டி

எங்கள் அண்ணை கடலுக்குப் பயந்தவர் அல்லர். வாடைக்காற்றுக்கும் பயந்தவர் அல்லர். ஆண்டவருக்குப் பயந்தார். அந்தப் பயத்துக்கு ஒரு நாள் இருந்தது. ஓர் இடமும் இருந்தது. அவர் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் வேளையில், இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் தங்கையாகிய நான் அதைச் சொல்லாமல் வேறெதைச் சொல்ல?

கரையூரில் ஐயாவுக்குத் தலைமகனாகப் பிறந்தார். எழுத்தறியுமுன் வலை அறிந்தார். ஆழமில்லாத எங்கள் கடலில் ஐயாவின் சிறகுவலை நின்றது. தடிகளை நட்டு, இருபுறமும் சிறகு விரித்தாற்போல் வலை கட்டி, நடுவே ஒரு பட்டி. நீரோட்டத்தோடு வரும் மீன் தானாகவே பட்டிக்குள் போய் அடைபடும். மனிதன் உறங்கினாலும் அந்த வலை உறங்காது. ஆகவே கரையில் ஒரு கட்டளை இருந்தது. பெரிய வியாழன் பொழுது சாயுமுன் ஒவ்வொருவரும் பட்டியின் பின்வலையைத் தூக்கிக் கட்டி, வழி திறந்துவிட வேண்டும். ஆண்டவர் மரித்த வெள்ளியன்று ஒரு மீனும் சிறைப்படக்கூடாது. ஒருவரும் கடலில் கால் வைக்கக்கூடாது.

அண்ணை மணமுடித்த வருடம் ஐயா காய்ச்சலில் படுத்திருந்தார். வியாழன் மாலை அண்ணைதான் போனார்.

“திறந்தனியோ, மோனை?”

“ஓம் ஐயா.”

திறக்கவில்லை. திரளி மீன் கூட்டங்கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை எடுக்கலாம் என்று எண்ணிவிட்டார்.

மறுநாள் கோயில் மணி ஊமையாகிக் கிடந்தது. மணிக்குப் பதிலாய்த் தட்டும் மரத்தட்டியின் ஓசை மட்டும் கடக் கடக்கென்று நெஞ்சுக்குள் இறங்கியது. முற்றத்தில் பக்கத்து வலைக்காரர் சூசையப்பு, எங்கள் அண்ணையைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன தம்பி, ஊரிலை உள்ள பட்டியெல்லாம் வெறும் வயித்தோடை கிடக்கு. உன்ரை பட்டி மட்டும் ஒருசந்தி இருக்கேல்லைப் போலை?”

காய்ச்சலோடு கோயிலுக்கு வந்திருந்த ஐயாவின் காதிலும் அது விழுந்தது.

“நான் கடலுக்குப் போகேல்லையே ஐயா. வலை தன்ரை பாட்டிலை நிக்குது.”

“தடியை ஆர் நட்டது? அதுவும் தன்ரை பாட்டிலையோ முளைச்சது?”

அண்ணையின் முகம் சாம்பலானது. “இப்பவே போய்த் திறந்து விடுறன்.”

“நீ போகாதை. திறக்காட்டிலும் பாவம், போனாலும் பாவம். ஒண்டு உனக்குப் போதும். மற்றதை நான் சுமக்கிறன்.”

முழங்கால் நீரில் ஐயா தனியே நடந்து போனதைக் கரையில் நின்று பார்த்தோம். காற்று இல்லை. அலை இல்லை. கடல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஐயா குனிந்தார், பின்வலை உயர்ந்தது, வெள்ளி வெள்ளியாய் மீன் வெளியே பாய்ந்தது. பிறகு ஐயா ஒரு சத்தம் போட்டார். பட்டிக்குள் அடைபட்டிருந்த திருக்கை ஒன்று அவருடைய புறங்காலில் முள்ளை ஏற்றிவிட்டது.

உயிர்ப்பு ஞாயிறு மணி அடித்தபோது கால் கறுத்து, ஐயா பிதற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கிழமைக்குள் போய்விட்டார். கடைசிவரை அண்ணையை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் அண்ணை பிழைத்திருப்பார்.

“கடவுள் பழிவாங்கிறவர் இல்லை, மீனுக்கு முள்ளிருக்கும், அவ்வளவுதான்” என்று சுவாமியார் எத்தனையோ முறை சொன்னார். அண்ணை தலையாட்டுவார். நம்பமாட்டார். பெரிய வெள்ளி தோறும் சிலுவை முத்தி செய்ய வரிசையில் நிற்பார், பாடுபட்ட சுரூபத்தின் பாதத்துக்கு அருகே வந்ததும் முத்தமிடாமலே விலகிவிடுவார். அந்தப் பாதத்தில் யாருடைய காயத்தைக் கண்டாரோ!

அந்தப் பயத்தோடுதான் எங்களை வளர்த்தார், என்னைக் கட்டிக்கொடுத்தார், யுத்தகாலத்துக் கூப்பன் அரிசி நாள்களில் அயல் வீட்டு அடுப்பெரியாமல் தாம் உண்ணாதிருந்தார். பொய் பேசினால் பிள்ளைகளை அடிக்கமாட்டார். வெளியே போய் நின்று அழுவார்.

சென்ற மாரியில் படுக்கையில் விழுந்தார். எந்த நாள் என்ற நினைவு தப்பிவிட்டது. “பட்டி திறந்து கிடக்கோ?” ஒரே கேள்வி. மகன் மழையில் கரைவரை போய் நனைந்து வந்தான்.

“ஓம் அப்பா, திறந்துதான் கிடக்கு.”

“காலைக் காட்டு.”

அவன் கட்டிலில் காலைத் தூக்கி வைத்தான். அண்ணை இரண்டு கைகளாலும் அந்தப் புறங்காலைத் தடவித் தடவிப் பார்த்தார். முள் இல்லை, காயம் இல்லை. குனிய முடியாத உடம்பை வளைத்து அதை முத்தமிட்டார். அதற்குப் பின் அவர் பேசவில்லை.

அவர் நோயுற்ற நாளில் கஞ்சி வைத்துத் தந்தவர்கள், செபமாலை சொன்னவர்கள், மழைச் சேற்றில் அவரைச் சுமந்து சென்றவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இந்த வருடம் பெரிய வியாழனன்று, தங்கள் வலைக்குப் போகுமுன் அண்ணையின் பட்டியைத் திறக்க அவர் மகனோடு கூடப் போன சூசையப்புவின் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

“திறந்தாச்சு மாமி” என்று சொல்லிக்கொண்டு அண்ணையின் மகனான என் மருமகன் கரையேறினான். என் கண்ணாலும் பார்த்தேன், திறந்துதான் கிடந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“காலைக் காட்டு மோனை” என்றேன்.