மாம்பழ மஞ்சள் அம்பாசிடர்

தின்னர் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கண்முன் வருவது மஞ்சள் நிறம்தான். திண்டிவனத்தில், புதுச்சேரி சாலை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பெயிண்டிங் ஷெட் ஒன்று இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், எங்கள் பழைய அம்பாசிடரின் வெள்ளை நிறத்தை அங்கே உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து உரித்தார்கள். அப்பா கையில் ஒரு பங்கனப்பள்ளி மாம்பழத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாண்ண, பழத்த எடுத்துக்கினு வந்து நிக்கிற?" என்று பெயிண்டர் சிரித்தார்.

"இந்தக் கலருதான் வேணும். தோலும் வண்டியும் ஒண்ணா தெரியணும்."

டப்பா டப்பாவாகக் கலந்து, தகரத் துண்டில் பூசி, பழத்தை அதன்மேல் வைத்து வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் ஐந்தாவது கலவையில் பழம் தகரத்தோடு கலந்து மறைந்தபோது, அப்பா அதை அங்கேயே நறுக்கி எல்லோருக்கும் கொடுத்தார்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் கெடார் பக்கம். அவரைப் பெற்றவர்கள், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையைப் பிறர் நிலத்தில் பிடுங்கியவர்கள். அப்பா விழுப்புரத்தில் ஓர் அரிசி மில் முதலாளிக்குப் பதினான்கு வருடம் இதே காரை ஓட்டினார். முதலாளி புதுக் கார் வாங்கியபோது பழையதை அப்பாவே வாங்கிக்கொண்டு, திண்டிவனம் ஸ்டாண்டில் வாடகைக்கு விட முடிவு செய்தார். கிளியனூரில் பிறந்து வளர்ந்து, அங்கன்வாடியில் வேலை பார்த்த அம்மாவுக்கு வண்டி வந்ததில் பெருமைதான். நிறத்தை மாற்றுவதில்தான் சண்டை.

"ஆபீசர் வண்டி மாதிரி இருக்கறத ஏன் கெடுக்கறீங்க? பாக்கறவங்க கிட்ட ஒரு மதிப்பு வேணாமா?"

"அந்த மதிப்பெல்லாம் பின்சீட்டுக்கு வந்தது புள்ள. நான் முன்னால சும்மா குந்திக்கினு இருந்தேன்" என்றார் அப்பா.

வண்டி திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. உடம்பு மாம்பழ மஞ்சள், கூரை அரக்கு, முன்விளக்குகளுக்கு மேலே தகரத்தில் வளைத்த 'இமை', பின் பம்பரில் வரிசையாகத் தொங்கும் கறுப்புக் 'குஞ்சம்'. அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தேர் மாதிரி கீது. வடம் ஒண்ணுதான் கொறச்சல்" என்று உள்ளே போய்விட்டாள். மூன்று மாதம் அதில் ஏறவேயில்லை. விழுப்புரத்தில் இருந்த சித்தி வீட்டுக்குக்கூடப் பஸ்ஸில்தான் போனாள்.

ஸ்டாண்டில் சவாரி அதிகமில்லாத அந்த நாட்களில் முதலாளியே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்கு வண்டி வேண்டும், அதற்குப் பிறகும் மில்லுக்கு நிரந்தரமாக ஓடலாம் என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. முதலாளி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா வெள்ளை அடிச்சிடுப்பா. செலவு என்னுது. நம்ம வண்டி, கூத்துக்காரன் மாதிரியா வந்து நிக்கிறது?"

பதினான்கு வருடப் பழக்கத்தில் அப்பாவின் கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன. தோள் கொஞ்சம் குனிந்தது. என் அப்பாவை அப்படி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது.

அம்மா சொம்பில் மோர் கொண்டுவந்து முதலாளி முன் வைத்தாள்.

"வெள்ளை அடிக்கலீங்க" என்றாள். "அது எங்க வூட்டுக்காரரு ஆசைப்பட்டு அடிச்ச கலரு. எனக்கும் புடிக்கலதான். ஆனா புடிக்கலன்னு சொல்றதுக்கு நான் ஒருத்தி போதுங்க."

முதலாளி மோரைத் தொடாமல் எழுந்து போனார். மில் சவாரி வரவில்லை. அந்த வருடம் தீபாவளிக்கு எனக்குப் புதுத்துணியும் இல்லை. ஆனால் அன்று மதியமே அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "கிளியனூருக்கு வுடுங்க, எங்கண்ணன் பாக்கட்டும்" என்றாள். வண்டி கிளம்புவதற்குள், "அந்தக் குஞ்சத்த மட்டும் கழட்டிடுங்க, சகிக்கல" என்று சொல்ல, அப்பா மறுபேச்சில்லாமல் இறங்கிப் போய்க் கழற்றினார்.

நாங்கள் விழுப்புரத்துக்குக் குடிவந்த பிறகு, அப்பாவின் முதுகுவலி அதிகமாகி வண்டியை விற்க வேண்டிவந்தது. பழைய கார்களைச் சேர்க்கும் சென்னைக்காரர் ஒருவர், மஞ்சளைச் சுரண்டி ஒரிஜினல் வெள்ளைக்கே கொண்டுவந்துவிடுவேன் என்றார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்பா சாவியை நீட்டி, "செய்ங்க சார். வண்டி உங்களுது, ஆசையும் உங்களுது" என்றார்.

இன்று அந்த ஷெட் இல்லை. அந்த இடத்தில் சர்வீஸ் ரோடு போகிறது. வண்டியின் நிறத்துக்காக யாரும் சாயங்காலம் வரை டப்பாக்களைக் கலந்துகொண்டு நிற்பதில்லை. போன மாதம் நானும் ஒரு கார் வாங்கினேன். சாம்பல் நிறம்தான் உடனே கிடைக்கும் என்றார்கள், சரியென்று எடுத்துவிட்டேன். அப்பா மெல்ல நடந்து அதைச் சுற்றிவந்து, மேலே கையை வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. நீயா ஆசைப்பட்டு எடுத்த கலராம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஆமா. அவளே எடுத்ததுதான்."