சாலமோனுக்குக் குடை

எங்கள் காலனியில் மெட்டில்டா டீச்சரிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். என் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், எதிர்வீடாயிற்றே என்று அவரிடம் ஒரு வார்த்தை விசாரித்தார்கள். "தங்கமான பொண்ணு. எட்டு மணிக்கு முன்னால எந்திரிச்சு நான் பார்த்ததில்லை" என்றார். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் அவருடைய சீசன் டிக்கெட்டைப் பார்க்காமலே தலையாட்டி அனுப்பியபோது, திரும்பிப் போய், "சார், இது நேத்தோட முடிஞ்சிடுச்சு. இப்படியா வேலை பார்ப்பீங்க?" என்று கோபித்துக்கொண்டவர். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை, பதில் வந்துவிடும்.

அவருக்கு வீட்டில் துணை என்று இருந்தது சாலமோன். நாட்டு நாய்க்கும் யார் வீட்டு அல்சேஷனுக்கோ பிறந்தது. ஞானத்துக்குப் பேர்போன ராஜாவின் பெயரை வைத்தாரே தவிர, அது தன் வாலைப் பார்த்தே குரைக்கும். எனக்கு நாய் ஆகாது. பக்கத்து வீட்டில் இருந்த காலனி சங்கத் தலைவர் ராஜாராமனும் ஆகாது. எதிரே அது, பக்கத்தில் இவர் என்று என் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருஷக் கோடையில் சாலமோனின் கறுப்பு மூக்கு வெளுத்து ரோஸ் நிறமாயிற்று. பிறகு தோல் உரிந்தது. கண்ணைச் சுற்றியும் காது மடலிலும் கொப்புளம் வந்து பொருக்குத் தட்டியது. காலனியில் வைத்தியம் தெரியாதவர் யார்? வேப்பெண்ணெய் தடவி நல்ல வெயிலில் கட்டிப் போடுங்கள் என்றார்கள். நானும்தான் சொன்னேன். டீச்சர் கட்டிப் போட்டார். ஒரே வாரத்தில் புண் இரண்டு மடங்காயிற்று.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடித்தார். கூட ஓர் ஆள் பிடித்துக்கொண்டால்தான் ஏற்றுவேன் என்று ஆட்டோக்காரர் சொல்ல, வாசலில் சும்மா நின்ற பாவத்துக்கு நான் மாட்டிக்கொண்டேன். தாம்பரத்திலிருந்து வேப்பேரி வரைக்கும் அந்த நாய் என் மடியில். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

டாக்டர் துளித் தோலை எடுத்துச் சோதித்துவிட்டு, அடுத்த முறை போனபோது சொன்னார். "இதுக்குப் பேர் லூபஸ். உடம்பைக் காவல் காக்கிற படையே குழம்பிப்போய், சொந்தத் தோலை எதிரின்னு நினைச்சு அடிக்குது. ஆயுசுக்கும் இருக்கும்மா, ஆனா சமாளிக்கலாம். யாருக்கும் ஒட்டாது. வெயில் மட்டும் எமன். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் குடுக்கணும். நல்லாயிடுச்சேன்னு டக்குனு நிறுத்தாதீங்க. நான் சொல்லச் சொல்ல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். பசியும் தாகமும் பயங்கரமா இருக்கும், பொறுத்துக்குங்க."

டீச்சர் அதை வாய்ப்பாடு மாதிரி பிடித்துக்கொண்டார். விடியும் முன்பே நடை, இருட்டிய பிறகு மறுபடி நடை. ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை. ஞாயிற்றுக்கிழமை பகலில் நாய்க்கு அவசரம் வந்தால், குடையை விரித்துக்கொண்டு கூடவே போவார். குடை நாய்க்கு, டீச்சர் வெயிலில். மாத்திரையை நெய் தடவிய இட்லிக்குள் வைத்துக் கொடுப்பார். சாலமோன் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாக வெளியே வைக்கும். அந்த ஒரு விஷயத்தில் பெயருக்கு ஏற்ற ஞானம் இருந்தது. கடைசியில் மூன்று இட்லியைக் காட்டி, நடு இட்லியில் மாத்திரையை வைத்து ஏமாற்றினார்.

வெயிலுக்குக் குடை பிடிப்பவர் எங்கள் காலனியில் அதுவரை ஒருவர்தான், ராஜாராமனின் மனைவி வேதா மாமி. மே மாதத்திலும் முழுக்கை ரவிக்கை, முகத்தை மறைக்கும் குடை. யாரோடும் நின்று பேச மாட்டார். சரியான கர்வம் என்று பெண்கள் முடிவு கட்டியிருந்தார்கள். இப்போது நாய்க்கும் குடை வந்துவிட்டதில் அவர்களுக்கு ஏகச் சிரிப்பு.

டாக்டர் சொன்ன பசி, காலனி சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தன்று வந்தது. ராஜாராமன் வீட்டு முன்னால் பெஞ்சில் மசால் வடையை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். இருட்டியதும் நடைக்கு வந்த சாலமோன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய் அத்தனையையும் முடித்தது. குடத்துத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தது. குடித்த தண்ணீரைத் தலைவரின் நாற்காலிக் காலில் விட்டுவிட்டு வந்தது. எனக்கு அந்த நாயிடம் முதல்முதலாகக் கொஞ்சம் மரியாதை ஏற்பட்டது.

ராஜாராமன் கொதித்துப்போனார். "சொறி நாய்! குழந்தைகளுக்கு ஒட்டிண்டா யார் பதில் சொல்றது? நாய் பிடிக்கிற வண்டியை வரச் சொல்றேன்" என்றார். சொன்னதைச் செய்கிற மனுஷர். டீச்சருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வண்டியில் போன நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை.

அங்கேதான் கங்கம்மா நுழைந்தாள். டீச்சர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். முகமெல்லாம் கொப்புளம், நாயை இருட்டு அறையில் வைத்திருக்கிறார்கள், வெயிலே காட்டுவதில்லை. அவளுக்கு வேறென்ன தோன்றும்? "டீச்சரம்மா, அம்மா வந்துகீறாங்க! சொல்லக்கூடாதா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, டீச்சர் பள்ளிக்கூடம் போன நேரத்தில் கேட்டில் வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிட்டாள்.

சாயங்காலம் வண்டி வந்தது. இறங்கிய ஆள் வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினான். "ஆத்தா கீற வூட்ல கை வெக்க மாட்டேன் சார். எனக்கும் புள்ள குட்டி கீது" என்று ராஜாராமனிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் டீச்சர் வருகிறார். விஷயம் காதில் விழுந்ததும், வேறு யாராயிருந்தாலும் கும்பிட்டு அனுப்பியிருப்பார்கள். இவர் கைப்பையும் குடையுமாக வண்டிக்குப் பின்னால் ஓடினார். "இது அம்மை இல்லைங்க! லூபஸ்! நில்லுங்க, இது அம்மை இல்லை!" வண்டி இன்னும் வேகமாகப் போயிற்று. தன் நாயைப் பிடிக்க வந்த வண்டியை நிறுத்த ஓடிய ஒரே ஜீவன் இந்த உலகத்தில் அவராகத்தான் இருக்கும்.

கத்தியதை வேதா மாமி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறார். அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் டீச்சர் வீட்டுப் பின்கதவைத் தட்டினார். முந்தானையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, "உங்க நாய்க்கு இதானா டீச்சர்?" என்றார். அதேதான். மாமியின் கன்னத்திலும் கையிலும் சிவந்து தடித்த திட்டுகள். மாமியின் அண்ணா கூட்டிப்போன டாக்டர் லூபஸ் என்று எழுதிக் கொடுத்தார், என்ன ஏது என்று சொல்லவில்லை. ராஜாராமன் அதற்கு உஷ்ணம் என்று பெயர் வைத்து, தினம் மோர் குடிக்கச் சொல்லியிருந்தார். கொஞ்சம் தணிந்ததும் மாமி மாத்திரையை நிறுத்திவிடுவார், மறுபடி கிளம்பும். டீச்சர் நாய் டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லி, உங்கள் டாக்டரிடம் போய் இதையெல்லாம் கேளுங்கள் என்றார். மாமி அழுதாராம். "நாய்க்குக்கூட விவரமா சொல்லியிருக்கார், எனக்கு யாரும் சொல்லலை. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ." சொல்ல மாட்டேன் என்று டீச்சர் வாக்குக் கொடுத்தார். இதெல்லாம் பின்னால் மாமியே சொல்லி எனக்குத் தெரிந்தது.

சாலமோனுக்குப் பொருக்கெல்லாம் உதிர்ந்து மூக்கு கறுக்கத் தொடங்கியது. மாத்திரையும் குறைந்துகொண்டு வந்தது. அம்மா இறங்கிவிட்டாள் என்று கங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம். டீச்சர் இல்லாத ஒரு பகலில், முறைப்படி மஞ்சளும் வேப்பிலையும் போட்டு நாய்க்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரம் காயட்டும் என்று கொல்லை வெயிலில் சாயங்காலம் வரை கட்டிப் போட்டாள். நல்லெண்ணத்துக்கு ஒரு குறையும் இல்லை. சில நாளில் மூக்கு பழையபடி உரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வண்டி மறுபடி வந்துவிட்டது, வேறு ஆளோடு. காலனியே டீச்சர் வீட்டுக் கேட்டில் நின்றது.

"அம்மை ஒரு உடம்புக்கு ரெண்டு தடவை வராது டீச்சர்" என்றார் ராஜாராமன்.

"நான்தான் அன்னைக்கே அம்மை இல்லைன்னு கத்தினேனே சார்."

"அப்போ சொறிதான்."

"லூபஸ். டாக்டர் சீட்டு இருக்கு. ஒட்டாது."

"நாய் டாக்டருக்கு மனுஷாளைப் பத்தி என்ன தெரியும்? சரி, ஒண்ணு கேக்கறேன். நீங்க பொய் சொல்ல மாட்டேள்னு எல்லாருக்கும் தெரியும். இந்த வியாதி ஒரு மனுஷாளுக்கு வந்து, கூட இருக்கறவாளுக்கு ஒட்டாம இருந்ததை நீங்க பார்த்திருக்கேளா? பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, வண்டியை இப்பவே திருப்பி அனுப்பிடறேன்."

டீச்சர் யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்ததே இல்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது. உள்ளே சாலமோன் தன் பாட்டுக்கு ஒரு தட்டை நக்கி உருட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"பார்த்ததில்லை" என்றார்.

வண்டிக்காரன் கம்பிச் சுருக்கை எடுத்தான். டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், கண்ணில் கரகரவென்று தண்ணீர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேதா மாமி வந்தார். குடையை மடக்கினார். முழு வெயில் முகத்தில் அடிக்க, ரவிக்கைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு புருஷனைப் பார்த்து நின்றார். "ஏன்னா, எனக்கும் அதுதான். கூட இருக்கற உங்களுக்கு ஒட்டித்தா? வண்டியில ஏத்தறதுன்னா ரெண்டு பேரையும் சேர்த்து ஏத்தச் சொல்லுங்கோ" என்றார்.

டீச்சர் வகுப்பில் கத்துகிற குரலில், "மாமி, முதல்ல குடையை விரிங்க! வெயில்!" என்று கத்தினார்.

விரித்தது ராஜாராமன். அவசரத்தில் குடைக்கம்பி அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது, அதை எடுக்கக்கூடக் குனியவில்லை. மாமிக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நடந்து, வீடு வரை கூட்டிப் போனார். கண்ணாடியை நான்தான் பொறுக்கினேன். வண்டிக்காரன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை கண்ணாடியைக் கொடுக்க ராஜாராமன் வீட்டுக்குப் போனேன். பின்னாலேயே பள்ளிக்கூடப் பையோடு டீச்சர் வந்து நின்றார். "சார், நேத்து உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். பார்த்ததில்லைன்னேன். பார்த்திருந்தேன். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. மன்னிச்சுக்குங்க."

எதற்கும் ஒரு பிரசங்கம் வைத்திருக்கிற ராஜாராமன் கண்ணாடியை வாங்கித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். பிறகு, "டீச்சர், அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால குடுக்கணுமா, பின்னால குடுக்கணுமா? இத்தனை வருஷமா நான் கேட்டுக்கவே இல்லை" என்றார்.

"பின்னாலதான் சார். சாலமோனுக்கு நெய் தடவின இட்லிக்குள்ள வச்சுக் குடுக்கறேன். மூணு இட்லி காட்டணும், நடு இட்லியில வைக்கணும்."

ராஜாராமன் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, "வேதா, இட்லி இருக்கா?" என்றார்.

"ஏன்னா, என்னை ஏமாத்த வேண்டாம், நானே முழுங்கிடுவேன்" என்று உள்ளேயிருந்து மாமி சிரித்துக்கொண்டே சொன்னார்.