டிஸ்க் பிரேக்கால் மாறிய பிரிவு

இன்று காலை ஓமலூர் அருகே பழைய ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம். மறைந்த என் கணவரின் இரண்டு இருக்கை வண்டியை நானே ஓட்டுவதாகப் பதிவு செய்திருந்தேன். எந்த மாற்றமும் செய்யாத வண்டிகளுக்கான பிரிவு. அவர் ஜெயித்த பிரிவும் அதுதான்.

பரிசோதகர் சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"முன்னால டிஸ்க் பிரேக் இருக்குதுங்களே, அம்மா. இந்த வண்டி கம்பெனியில இருந்து வந்தப்ப டிரம் பிரேக்குதானுங்க."

உடன் வந்திருந்த மெக்கானிக் ராசுவைத் திரும்பிப் பார்த்தேன். நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். வந்த வண்டி வந்தபடியே திரும்பினால் அவருக்கு அவமானம். "பிரேக்கைச் சரிபாருங்கள்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"அந்த டிரம்மு சரியாப் புடிக்காதுங்க, சாமி. உங்க உசுரு முக்கியமில்லீங்களா?"

பரிசோதகர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க பெரியவங்க. ஐயா வண்டி வேற. நான் பாக்கலைன்னு வெச்சுக்கலாமுங்க."

"எங்க வீட்டுக்காரர் கொண்டுவந்திருந்தா?"

அவர் தயங்கினார். "பிரிவை மாத்தித்தான் எழுதியிருப்பேனுங்க."

"எனக்கும் அப்படியே எழுதுங்க."

மாற்றம் செய்த வண்டிகளின் பிரிவில் சேர்த்தார்கள். அங்கே எல்லாமே பெரிய எஞ்சின்கள். ராசு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சும்மா இருந்திருந்தா கோப்பை நம்மளுதுங்களே!"

"யார் சும்மா இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

கடைசியாக வந்தேன். யாரும் அனுதாபம் தெரிவிக்க வேண்டாம். விதிப்படி தோற்றதற்கு வாழ்த்துச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம்.