இரண்டு கார்டு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விட்டுவிடுங்கள். இதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் மாற்றிச் சொல்லவில்லை. நேரமெல்லாம் என் போனிலும் லேப்டாப்பிலும் அப்படியே இருக்கிறது.

எனக்கு அதியமான்கோட்டையில் வீடு, சேலத்தில் ஆபீஸ். ஆறு பேர் கொண்ட டீமுக்கு நான் லீட். மாதம் பன்னிரண்டு நாள் ஆபீஸ், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை என்று சட்டம் போட்டார்கள். எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல்! அறுபது கிலோமீட்டர் போய் உட்கார்ந்து, அங்கேயும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களோடுதான் பேச வேண்டும். நாள் குறைந்தாலோ லீட் பதவி போய்விடும். அதனால் தருமபுரியிலிருந்து தினமும் பைக்கில் போகும் எங்கள் டீம் பூபதியிடம் என் கார்டைக் கொடுத்து வைத்திருந்தேன். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கதவில் தன் கார்டோடு என்னுடையதையும் தேய்த்துவிடுவான்.

போன நவம்பரின் கடைசி வியாழன். காலை 6.50க்கு அவனிடமிருந்து போன்.

"தொப்பூர் கணவாய்ல செம மழையாமுங்கண்ணா. இன்னைக்கு வூட்லயே வேலை பாத்துக்கட்டுங்களா?"

"எனக்கு ஒரு நாள் இடிக்குது பூபதி. எப்படியாவது போயிரு."

"செரிங்கண்ணா."

9.04. உங்கள் வருகை பதிவானது என்று என் போனுக்கு மெசேஜ் வந்தது. அப்பாடா என்று இருந்தது.

9.30க்கு டீம் கால். எப்போதும் கேமராவை அணைத்தே வைத்திருக்கும் பூபதி, அன்று போட்டிருந்தான். பின்னால் ஆபீஸ் சுவர். விளக்கு எரியவில்லை. அவன் தலையில் ஹெல்மெட்... கண்ணாடியும் இறக்கிவிட்டபடி.

"ஹெல்மெட்டைக் கழட்டு பூபதி."

"கழட்ட வரலீங்கண்ணா."

மேனேஜரும் அதே காலில் இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

9.36. அரூரில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மலர்விழி எனக்கு மட்டும் எழுதினாள். "அண்ணா, அவர் மைக் மியூட்ல இருக்கு. எப்படிப் பேசறாரு?"

பார்த்தேன். மியூட்தான்.

"ரெண்டு கார்டும் தேய்ச்சிட்டேங்கண்ணா..."

எல்லோர் முன்னாலும் சொல்கிறான்! ஆத்திரத்தில் அவனைக் காலிலிருந்து நீக்கினேன்.

திரையில் அவன் இருந்த கட்டம் போகவில்லை.

மறுபடி நீக்கினேன்.

சொட்... சொட்... தண்ணீர் சொட்டும் சத்தம். ஹெட்செட்டைக் கழற்றினேன்.

சத்தம் நிற்கவில்லை.

9.41. என் போன் அடித்தது. பூபதியின் எண்.

திரையில் அவன் கைகள் இரண்டும் மேசைமேல் இருந்தன.

"போலீஸ் ஏட்டு பேசறேங்க, தொப்பூர்லருந்து. இன்னாசிங்கறது யாருங்க?"

"நான்தாங்க..."

"உசுரோடதான் இருக்கீங்களா? பைக்ல வந்தவர் சட்டைப்பையில ரெண்டு பேர் கார்டு இருந்துச்சு. இன்னொருத்தரைப் பள்ளத்துல தேடிட்டு இருக்கோம்ங்க."

லாரி மோதியது 8.05க்கு.

திரையைப் பார்த்தேன். கட்டம் இல்லை.

அவன் வீட்டிலேயே இருக்கட்டுமா என்றுதான் கேட்டான். நான்தான் அனுப்பினேன். அவன் மனைவி கோகிலாவிடம் இன்றுவரை அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

பத்து நாள் கழித்து ஆபீஸில் அன்றைய கதவுப் பதிவை எடுத்துக் காட்டினார்கள். இரண்டு கார்டும் அன்று முழுக்கப் போலீஸிடம்தான் இருந்தன.

பூபதி: உள்ளே காலை 9.04, வெளியே மாலை 6.10.

இன்னாசி: உள்ளே காலை 9.04.

வெளியே வந்த நேரம் இல்லை.