மெட்ரோவில் ஒரு சபாஷ்

அமீர்பேட்டில் மெட்ரோ ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் ஆபீஸ் அட்டை. போனில், தமிழில் சங்கீதம் சொல்லித்தரும் இலவச வீடியோ. டீச்சரம்மா ஒரு வரி பாடி நிறுத்தினால், அந்த இடைவெளியில் இவர் வாய்விட்டுப் பாடுவார். தாளம் ஒரு ஸ்டேஷன் பின்னால் வந்தது. சுருதி வண்டியிலேயே ஏறவில்லை. டீச்சரம்மா "சபாஷ்!" என்றதும் போனைப் பார்த்துக் கும்பிடுவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அது ரெக்கார்டிங். யார் எப்படிப் பாடினாலும் சபாஷ்தான்."

"ஹவ், ஆமா, தெரியும் சார். எங்க மேனேஜர் ரெக்கார்டிங் இல்ல, நேர்லயே உக்காந்திருக்காரு. ஒரு தடவ சொல்லிருப்பாரா?"

மாதாப்பூரில் இறங்கிவிட்டார்.

அன்று வீட்டுக்குப் போய் அந்த வீடியோவைத் தேடிப் போட்டேன். டீச்சரம்மா பாடி நிறுத்தினார். நான் வாயே திறக்கவில்லை. "சபாஷ்!" என்றார்.

வெட்கம் கெட்ட கை, தானாகக் கும்பிட்டது.