சேஃப்டி போட்டுத்தான் இருக்கு

நான் வேட்டைக்குப் போகிறேன் என்றால் டெக்சஸ் மாநிலத்துப் பிளானோவில் எங்களைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் புறா சுடப் பிடிக்கும், என் கணவருக்கும் பிடிக்கும். இருவரும் வகுப்பில் உட்கார்ந்து படித்துத்தான் லைசென்ஸ் வாங்கினோம். வேலி தாண்டுவதற்கென்றே அங்கே ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார்கள். விசையைப் பூட்டும் சேஃப்டியை மட்டும் நம்பாமல் தோட்டாவை எடுத்துவிட வேண்டும், துப்பாக்கியைத் திறந்து வைக்க வேண்டும், குழாய் ஆளில்லாத பக்கம் பார்க்கும்படி அடிக்கம்பிக்குக் கீழே தள்ளிவிட்டு, வேறோர் இடத்தில் வெறுங்கையோடு தாண்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

போன செப்டம்பரில் கணவரின் நண்பர் ஒருவரும் எங்களோடு வந்தார். கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வகுப்பை அவர் ஆன்லைனில் முடித்தவர். ஒரு ஸ்க்ரீனில் கிரிக்கெட், இன்னொன்றில் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டியதாகக் காரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அறுவடை முடிந்த ஒரு சூரியகாந்திக் காடு. நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கியிருந்தோம். நடுவில் நான்கு வரிசை முள்கம்பி வேலி. என் கணவர் தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் கம்பிக்கு அடியில் தள்ளிவிட்டுத் தாண்டினார். நண்பர் தன் துப்பாக்கியை அப்படியே கம்பத்தில் சாய்த்துவிட்டு ஏற ஆரம்பித்தார்.

"அண்ணா, லோட் ஆகியிருக்கு. அன்லோட் பண்ணிட்டு ஏறுங்க."

"சேஃப்டி போட்டுத்தான் இருக்கும்மா. நீ டென்ஷன் ஆகாத."

"சேஃப்டி வேற, அன்லோட் வேற. ப்ளீஸ், எடுத்துடுங்க."

"மச்சான், உன் வொய்ஃப் என்ன, சேஃப்டி ஆபீசரா?" என்று அந்தப் பக்கம் குதித்தார். என் கணவரும் லேசாகச் சிரித்தார். நான் ஓடி வந்து அந்தத் துப்பாக்கியை எடுப்பதற்குள், நண்பர் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, குழாயின் நுனியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். எங்கோ முள் மாட்டியது. இன்னும் வேகமாக இழுத்தார்.

வெடித்தது.

என் கணவர் தன் துப்பாக்கியை எடுக்கக் குனிந்திருந்தார். நிமிர்ந்து நின்றிருந்தால் தலை இருந்திருக்காது. குண்டுகள் அவர் இடது காதுக்கு மேலே போயின. காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கம்பியில் கை கிழிந்ததுகூடத் தெரியாமல் நான் கத்திக்கொண்டே அந்தப் பக்கம் போய் அவர் தலையையும் கழுத்தையும் தடவித் தடவிப் பார்த்தேன். ரத்தம் இருந்தது. அது என் கையிலிருந்து வந்தது.

நண்பர் முதலில் செய்தது என்ன தெரியுமா? சிரித்தார். "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல. சில் பண்ணுங்க." சேஃப்டி போடப்படவே இல்லை.

அவர் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி, மீதித் தோட்டாக்களை உருவி எறிந்தேன். திரும்பும் வழியெல்லாம் காரை நான் ஓட்டினேன். யாரோடும் பேசவில்லை. பேசியிருந்தால் அவரைப் பாதி வழியில் இறக்கி விட்டிருப்பேன்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பிறந்தநாள் விருந்து. பிரியாணி தட்டோடு எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவர் அதை நகைச்சுவையாக எடுத்துவிட்டார். "கன் டப்புன்னு போச்சு. அதைவிட இவங்க கத்துன கத்துல டெக்சஸ்ல இருந்த புறா மொத்தமும் ஓக்லஹோமாவுக்கே ஓடிடுச்சு!" அறையே சிரித்தது.

நான் எழுந்தேன். "அண்ணா, நான் எடுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். எடுத்தீங்களா? கன் எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்துச்சுன்னு சொல்லுங்க. அதையும் சொல்லிட்டு சிரிங்க."

நண்பரின் மனைவி தட்டைக் கீழே வைத்தார். "வானத்தப் பாத்து வெடிச்சதுன்னுதானே என்கிட்ட சொன்னீங்க?" நண்பர் கோழித்துண்டைப் பிய்க்க ஆரம்பித்தார்.

காரில் என் கணவர், "எல்லார் முன்னாடியும் வேண்டாம்னு தோணுச்சு" என்றார்.

"வேற எங்க சொல்லணும்? உன் ஃப்யூனரல்லயா?"

அவர் இடது காதில் இரைச்சல் இன்னும் நிற்கவில்லை. அது அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடப்பக்கமிருந்து பேசினால் அவருக்குப் பாதி விழாது.

இந்த ஆகஸ்டில் நண்பர் போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "சீசன் ஓப்பன் ஆகுது மச்சான், கெளம்பலாமா?"

"நீ வந்தா நான் வரலடா" என்றார் என் கணவர்.

"இன்னுமாடா அதையே புடிச்சிட்டு இருக்கீங்க?"

ஆமாம், பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாரி என்ற ஒரு சொல் அந்த வாயிலிருந்து இன்றுவரை வரவில்லை.