ஜூட்டின் வசவுகளைத் துடைத்தபோது

மன்னாரில் கணினி படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் காலையிலேயே அழைத்தார். "உங்கட கோட் நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆனா உந்தக் கொமெண்ட்ஸைப் பிள்ளையளுக்குக் காட்டேலாது. தாய் தேப்பன் வந்து என்னைத்தான் கேப்பினம்."

அவர் சொன்னது நியாயம். எங்கள் ஓபன் சோர்ஸ் மென்பொருள் காற்றின் வேகத்தைப் பார்த்து, கடலுக்குப் போகலாமா என்று படகுக்காரர்களின் போனுக்குச் செய்தி அனுப்பும். அதன் கோட்டை, அதாவது நிரல் வரிகளை, யாரும் எடுத்துப் படிக்கலாம். அதில் பாதியை எழுதியவன், மன்னாரின் பேசாலைக் கிராமத்து ஜூட். இப்போது கொழும்பில் வேலை. கெட்டிக்காரன், ஆனால் வரிகளுக்கிடையே எழுதும் குறிப்புகளில் மட்டும் அவனுக்கு வாய் அடங்காது. கோட் ஓடாத நாளெல்லாம் அங்கேதான் திட்டித் தீர்த்திருந்தான்.

துடைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. குழுவில் நான்தான் மூத்தவள், எதைக் கண்டும் கூச்சப்படமாட்டேன் என்று நினைத்திருப்பார்கள். தேடித் தேடி நீக்கினேன். பல இடங்களில் சிரிப்பு வந்தது. ஒன்றில் என் பெயரும் இருந்தது. அதை மிகுந்த ஆசையோடு நீக்கினேன்.

கடைசியாக ஒன்று. காற்று குறைந்தாலும் அரை மணித்தியாலம் பொறுத்தே 'போகலாம்' என்ற செய்தியை அனுப்பு என்கிறது கோட். அதற்கு மேலே, இந்த வரியைத் தொடுகிறவனின் பரம்பரையையே இழுத்து ஒரு வசவு. வேறு விளக்கம் இல்லை. அதையும் நீக்கி, சரிபார்க்கும்படி பொறுப்பாளர் நிலானிக்கு அனுப்பினேன்.

"அக்கா, இந்த அரை மணித்தியாலம் ஏனெண்டு ஒரு காரணமும் போடேல்லையே," என்றாள் நிலானி. "செய்தி பிந்துது எண்டு சனமும் குறை சொல்லுது. அஞ்சு நிமிசமாக்குவம்."

எனக்கும் காரணம் தெரியாது. இவ்வளவு காலமும் வசவைக் கண்டு எல்லோரும் அந்த வரியை விட்டு விலகிப் போயிருக்கிறார்கள். ஜூட்டுக்கு போன் எடுத்தேன்.

"அந்த நேரத்தைத் தொட்டிட்டீங்களோ அக்கா?" அவன் குரல் பதறியது.

"இன்னும் இல்லை. ஏனெண்டு சொல்லு."

"முதல்ல அது அஞ்சு நிமிசந்தான். ஒருநாள் காத்து விட்டுட்டுத் திரும்ப அடிச்சது. போகலாம் எண்ட செய்தியைப் பாத்துத்தான் எங்கட அண்ணா வள்ளத்தை இறக்கினவர். கவிண்ட வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு மிதந்தவர். ஆள் வந்து சேந்திட்டார். ஆனா இப்ப கடலுக்குப் போறேல்ல. அந்தச் செய்தியை அனுப்பினது என்ர கோட் அக்கா."

அந்த வசவில் அவன் தன்னையும் சேர்த்துத்தான் திட்டியிருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வசவு இருந்த இடத்தில் இப்படி எழுதினேன்: "இந்த நேரத்தைக் குறைக்க வேண்டாம். ஐந்து நிமிடமாக இருந்தபோது, எங்கள் செய்தியை நம்பிப் போன ஒருவரின் வள்ளம் கவிழ்ந்தது."

நிலானி அரை மணித்தியாலத்தை அப்படியே விட்டாள். ஆசிரியையும் கோட்டைப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டார். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: குறிப்பில் கெட்ட வார்த்தையைக் கண்டால் நீக்குங்கள். நீக்குமுன், அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதியவனிடம் கேளுங்கள்.

மாற்றத்தை ஜூட்டும் பார்த்துச் சம்மதம் தந்தான். கீழே எழுதியிருந்தான்: "நான் எழுதினதைவிட இதுதான் அக்கா உறைக்குது. இருக்கட்டும்."